துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மாற்றுத்திறனாளி மாணவர்களின் கணினிப் பயிற்சிக்கும் கல்லூரிப் படிப்புக்கும் இந்தக் கல்வியாண்டு முழுவதும் கைகொடுத்த எல்லோருக்கும் எங்கள் கற்றல் உதவிக் குழுவின் வணக்கம். மடிக்கணினி வாங்கித் தந்தவர்களுக்கு மேடையிலேயே நன்றி சொல்லியாயிற்று, படமும் எடுத்தாயிற்று. மேடைக்கு வராத வேலையைச் செய்தவர்கள்தான் அதிகம். அவர்கள் செய்தது இன்னதென்று பக்கத்து மேசைக்காரருக்கே தெரியாது. அதனால் இந்த மடலில் வரிசையைத் திருப்பிப் போட்டு அவர்களிடமிருந்து தொடங்குகிறோம். அடுத்து உதவ வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று வேலையையும் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, ஸ்கேன் செய்த பாடநூல்களை வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தியவர்களுக்கு. ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். திரையில் உள்ள உரையைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானைப் பொறுத்தவரை அதில் ஓர் எழுத்தும் இல்லை. எழுத்துணரி மென்பொருளில் போட்டு எடுத்தால்தான் அது உரையாகும். டெசராக்ட் போன்ற இலவச எழுத்துணரிக்கும் தமிழ் தெரியும். ஆனால் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) கீழே ஸ்கேன் செய்தாலோ, கைப்பேசியில் சாய்வாகப் படம் பிடித்தாலோ, நூலின் நடுமடிப்பில் நிழல் விழுந்தாலோ தடுமாறிவிடும். அது தடுமாறும் இடங்களும் நமக்குப் பழக்கமானவையே. துணைக்கால் ரகரமாகும், ரகரம் துணைக்காலாகும். அச்சு மங்கிய இடத்தில் புள்ளி தொலைந்து 'கல்' என்பது 'கல' ஆகும்.

இவற்றையெல்லாம் கண் பிடித்துவிடும். கண்ணுக்கே பிடிபடாத பிழை ஒன்று உண்டு. 'கௌரவம்' என்று இருக்க வேண்டியது 'கெளரவம்' என்று ஒற்றைக்கொம்பும் தனி ளகரமுமாக வந்திருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். திரைவாசிப்பானோ ளகரத்தைத் தனியாக உச்சரித்துக் கேட்பவரைக் குழப்பும். தேடினாலும் சொல் அகப்படாது. ஒற்றைக்கொம்பை அடுத்து ளகரம் வரும் இடங்களையெல்லாம் தேடி ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் வழி. 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை அழுத்தினால் 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் கெட்டுப்போகும். இதை மெனக்கெட்டு ஒவ்வொன்றாகவே செய்தீர்கள்.

பக்கத்துக்குப் பக்கம் மேலே அச்சாகும் நூல் தலைப்பை நீக்கினீர்கள். அதை விட்டுவைத்தால் ஒரு வாக்கியத்தின் நடுவில் நூலின் பெயர் குறுக்கே புகுந்து ஒலிக்கும். வரிக்கு வரி விழுந்திருந்த பத்தி முறிவுகளை எடுத்தீர்கள். அச்சுநூலின் பக்க எண்ணை மட்டும் அழிக்காமல், ஒவ்வொரு பக்கத் தொடக்கத்திலும் ஆறாம் நிலைத் தலைப்பாக வைத்தீர்கள். வகுப்பில் 'பக்கம் 87க்கு வாருங்கள்' என்றால் மற்றவர்களோடு சேர்ந்து போகவும், கட்டுரையில் மேற்கோள் காட்டவும் அந்த எண் வேண்டும். மும்முரமாகச் சுத்தம் செய்கிறவர்கள் முதலில் துடைத்தெறிவது அதைத்தான்! ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்றால் 240 பக்க நூலுக்கு 40 மணி நேரம். பாடப்பட்டியல் பருவம் தொடங்குமுன்பே கைக்கு வர வேண்டும் என்று நாங்கள் நச்சரித்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். நச்சரிப்பைப் பொறுத்துக்கொண்ட துறைத் தலைவர்களுக்கும் நன்றி.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித் தந்தவர்களையும் சொல்ல வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதிய 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் பார்ப்பவருக்கு அது தமிழ். கேட்பவருக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பை. மாற்றி மென்பொருள் ஒரு நொடியில் மாற்றிவிடும் என்பது உண்மை. ஆனால் அதே பத்தியில் இருக்கும் நிஜமான ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும். உயிரியல் குறிப்பில் இலத்தீன் பெயர்கள் எல்லாம் உருத்தெரியாமல் போகும். மாற்றுவதற்கு முன்பு எழுத்துரு வாரியாகப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்துப் பிரித்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். மொத்தமாக மாற்றிவிட்டுப் பிறகு தேடியவர்களுக்கு இரட்டை வேலை.

பேராசிரியர்களில் சிலர் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்குவதை விட்டுவிட்டு, வேர்டில் கன்ட்ரோல், ஆல்ட், 1 என்று சேர்த்து அழுத்தித் தலைப்புப் பாணியாகவே அமைக்கத் தொடங்கினீர்கள். லிப்ரே ஆபீசில் கன்ட்ரோலும் 1ம் போதும். உங்களுக்கு இது ஒரு விசை அழுத்தம்தான். மாணவருக்கோ, 60 பக்கக் கோப்பை முதலிலிருந்து கேட்டுக்கொண்டே வருவதற்கும் தலைப்புப் பட்டியலைத் திறந்து நான்காம் இயலுக்கு ஒரே தாவில் போவதற்கும் உள்ள தூரம் அது. பிடிஎஃப் ஆக்கும்போது 'அச்சிடு' வழியாகப் போகாமல் 'இவ்வாறு சேமி' வழியாகப் போனதற்கும் நன்றி. அச்சிடும் வழியில் அந்தத் தலைப்புக் குறிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். குறைப்பார்வை மாணவருக்காக வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்து எழுதுவதையும் நிறுத்தினீர்கள். சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5க்கு 1 மாறுபாடு வேண்டும் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் இணைய அணுகல் நெறி.

என்விடிஏ திரைவாசிப்பானை உருவாக்கிய மைக்கேல் கரனுக்கும் ஜேம்ஸ் டேவுக்கும் இந்த மடல் எட்டப்போவதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாங்களும் பார்வையற்றவர்களான இருவர் சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது. 2006இல் தொடங்கியது, இன்றும் இலவசம். அதோடு வரும் இஸ்பீக் குரல் தமிழையும் பேசும். இயந்திரத் தொனிதான். ஆனால் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சொல் தேயாது என்பதால் பழகியவர்கள் அதையே கேட்டு வாங்குகிறார்கள். தமிழ் அறியாத ஆங்கிலக் குரல்கள் பல, தமிழ்ப் பத்தி வந்தால் சத்தமில்லாமல் தாண்டிவிடும். 'கோப்பு காலி' என்று மாணவர் சொன்னால் முதலில் குரலைத்தான் பார்க்க வேண்டும்.

பயிற்சி கொடுத்த மூத்த மாணவர்கள் இணையத்தை முதல் நாளே காட்டிப் பரவசப்படுத்தாமல், விசைப்பலகையில் நிறுத்தி வைத்தீர்கள். எஃப், ஜே விசைகளில் இருக்கும் மேடு, எண்பலகையில் ஐந்தின் மேடு, இவற்றில் விரல் நிலைத்த பிறகே மற்றவை. இன்சர்ட் விசையோடு 1ஐ அழுத்தினால் என்விடிஏ உள்ளீட்டு உதவிக்குப் போகும். அப்போது எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும், எதையும் அழிக்காது. பயமில்லாமல் துழாவ அதைவிட நல்ல இடம் இல்லை. பிறகு, தலைப்புக்கு எச், அட்டவணைக்கு டி, இணைப்புக்கு கே. அட்டவணைக்குள் நகர கன்ட்ரோலும் ஆல்ட்டும் அம்புக்குறியும். படிவத்தில் பெயர் எழுதப்போய் எழுத்து விழாமல் பக்கம் தாவித் தாவி ஓடினால், விசைகளைப் பக்கத்தில் நகரப் பயன்படுத்தும் உலாவு நிலையிலிருந்து, எழுத்தாக ஏற்கும் குவிய நிலைக்கு மாறவில்லை என்று பொருள். இன்சர்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் மாறும். புதியவர்கள் விட்டுவிட்டு எழுந்து போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது எங்கள் எண்ணம்.

தமிழ்99 விசைப்பலகையைக் கற்பித்தவர்களுக்குத் தனி நன்றி. அதில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'ந்த', 'ம்ப', 'ங்க' போன்ற இன இணைகளுக்கும் அப்படியே. விசையழுத்தம் குறைகிறது. கை வலுக் குறைந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். 'மமதை' என்று எழுத மட்டும் இடையில் அகர விசையைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் 'ம்ம' ஆகிவிடும்.

ஆய்வகப் பணியாளர்களே, உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் கொஞ்சமல்ல. மறுதொடக்கத்தில் எல்லா அமைப்புகளும் அழிந்துபோகும் கணினிகளில், என்விடிஏவின் கையடக்க நகலைப் பென்டிரைவில் போட்டு வைத்தீர்கள். நிறுவத் தேவையில்லை, செருகி இயக்கினால் போதும். நிர்வாகி அனுமதி கேட்டு விண்டோஸ் திறக்கும் பெட்டியை மட்டும் அந்த நகலால் வாசிக்க முடியாது. பேச்சு திடீரென நின்றால் திரையில் அந்தப் பெட்டி நிற்கிறதா என்று நீங்களே எட்டிப் பார்த்தீர்கள். ஒலி ஊமையாக்கப்பட்ட கணினியைப் பார்வையற்றவர் தனியாகச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் சரிசெய்வதற்கே ஒலி வேண்டும். அதனால் அந்த இருக்கைகளில் ஒலியளவை வகுப்புக்கு முன்பே சோதித்து வைத்தீர்கள்.

வலது ஷிஃப்டை 8 விநாடி பிடித்துக்கொண்டே இருந்தால் சட்டென்று படும் அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காத வடிகட்டி விசைகள் என்ற வசதி இயங்கத் தொடங்கும். கை நடுக்கம் உள்ளவருக்கு அது துணை. ஆனால் அணைக்காமல் எழுந்து போனால் அடுத்து வருபவருக்கு விசைப்பலகை செத்ததுபோல் இருக்கும். விசைப்பலகையைக் கழற்றி மாற்றப் போகாமல் அதை அணைத்துப் பார்க்கும் பழக்கம் உங்களால் வந்தது. ஒரு கையால் தட்டச்சு செய்பவருக்கு ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஒட்டு விசைகள் வரும், கன்ட்ரோலையும் சி விசையையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். இரண்டு விசைகள் சேர்ந்து அழுந்தினால் இது தானே அணையும் என்ற தேர்வு அமைப்பில் இருக்கிறது. விரல் அடிக்கடி பக்கத்து விசையில் படுபவர்களுக்கு அந்தத் தேர்வை எடுத்துவிட வேண்டும்.

காது கேளாத மாணவர்களுக்காகக் காணொளிப் பாடங்களுக்கு வசனவரி எழுதியவர்களுக்கு நன்றி. தானியங்கி வசனவரி பேச்சை ஓரளவு பிடிக்கும், கலைச்சொல்லைப் பிடிக்காது. பாடத்தில் தேர்வுக்கு வருவதோ கலைச்சொல். வசனவரியை நேரக்குறிப்போடு வைக்கும் எஸ்ஆர்டி கோப்பில் விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவே காற்புள்ளி வர வேண்டும், முற்றுப்புள்ளி போட்டால் பல காணொளி இயக்கிகள் அந்த வரியைக் காட்டாது. ஒருங்குறியைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்காவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக நிற்கும். சைகைமொழி பெயர்ப்பாளர்களுக்கு முந்தைய நாளே சொற்பட்டியல் கொடுத்த ஆசிரியர்களையும், குறிப்பெடுத்துத் தந்த வகுப்புத் தோழர்களையும் மறக்கவில்லை. பெயர்ப்பாளரின் கையைப் பார்த்துக்கொண்டே குறிப்பேட்டில் எழுதக் கண் இரண்டு இடத்தில் இருக்காதே.

கணக்கும் வரைபடமும்தான் இன்னும் கடினமாக இருக்கின்றன. படமாக ஒட்டிய சமன்பாடு திரைவாசிப்பானுக்கு 'படம்' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே. அதைச் சமன்பாட்டுத் திருத்தியில் மறுபடி எழுதினீர்கள். வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்தவர்கள் 'ஏ கூட்டல் பி வகுத்தல் சி' என்று விட்டுவிடாமல், 'பின்னம் தொடக்கம், மேலே ஏ கூட்டல் பி, கீழே சி, பின்னம் முடிவு' என்று சொன்னீர்கள். முன்னதற்கு இரண்டு விடை உண்டு, பின்னதற்கு ஒன்றுதான். வரைபடத்துக்கு 'ஒரு வளைகோடு' என்று எழுதாமல், கிடையச்சில் என்ன, நிலையச்சில் என்ன, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, எங்கே ஏறி எங்கே திரும்புகிறது என்ற வரிசையில் விளக்கம் எழுதினீர்கள்.

தேர்வில் மாணவர் சொல்லச் சொல்ல விடை எழுதியவர்களுக்கு: வினாவை மதிப்பெண்ணோடு சேர்த்து முழுதாக வாசித்தீர்கள், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினீர்கள், 'இப்படி எழுதினால் நன்றாயிருக்குமே' என்று சொல்ல வாய் வந்தபோது அடக்கிக்கொண்டீர்கள். தேர்வுக்கு முன்பே இரண்டு முறையாவது சேர்ந்து பழகியவர்களிடம் எழுதும் வேகம் ஒத்துப்போனது.

கடைசியாக, பிழை சொன்ன மாணவர்களுக்கு. 'உதவி செய்கிறவர்களிடம் குறை சொல்வதா' என்று கூசாமல், 'மூன்றாம் இயலில் அடிக்குறிப்பு பத்திக்கு நடுவே வருகிறது', 'பக்கம் 112 இல்லை' என்று இடத்தோடு எழுதி அனுப்பினீர்கள். மேலே சொன்ன வழக்கங்களில் பாதி உங்கள் குறிப்புகளிலிருந்து வந்தவை. 'சரியாக வரவில்லை' என்ற ஒற்றை வரியை வைத்து எங்களால் எதையும் தேட முடியாது. கோப்பின் பெயர், தலைப்பு, பக்க எண், திரைவாசிப்பான் வாசித்தபடியே அந்தச் சொற்கள், இந்த நான்கும் இருந்தால் அன்றைக்கே திருத்திவிடலாம். அடுத்த பருவத்துக் கோப்புகளின் பெயர் 01, 02 என்று இரட்டை இலக்கத்தில் தொடங்கும். 1, 10, 2 என்று கைப்பேசியில் வரிசை கலைகிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

நன்றியுடன்,
கற்றல் உதவிக் குழுவினர்