மஸ்கட்டில் எங்களை இறக்கிவிட்டுப் போனவர்களுக்கும், ஷார்ஜா அக்காவுக்கும்

அன்புடையீர்,

அப்பா நலமாக இருக்கிறார். அந்த விமானத்தில் வந்த ஒவ்வொருவரும் இதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. நேற்று வார்டுக்குள்ளேயே மெல்ல நடந்தார். கஞ்சியில் உப்பில்லை என்று கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நடுவானில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து நடந்ததெல்லாம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி அதற்குள் போக எனக்குத் தெம்பில்லை.

சென்னையிலிருந்து துபாய்க்குப் போக வேண்டிய விமானத்தை மஸ்கட்டுக்குத் திருப்பிய கேப்டனுக்கு என் வணக்கம். தரையிலிருக்கும் மருத்துவர் சொல்லலாம், உள்ளே இருக்கும் மருத்துவர் சொல்லலாம். கடலுக்கு மேலே முடிவெடுக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். அறிவிப்பைக் கேட்டதும் எழுந்து ஓடிவந்த மருத்துவத் தம்பதிக்கும், தரையில் மண்டியிட்டு அப்பாவின் முகத்திலிருந்து ஆக்சிஜன் மாஸ்க் நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்த பணிப்பெண்ணுக்கும், விசா இல்லாமல் வந்து நின்ற என்னை அலைக்கழிக்காமல் ஆம்புலன்சோடு அனுப்பிய அதிகாரிக்கும், துபாயிலிருந்து இரவோடு இரவாக எல்லை தாண்டிக் காரோட்டி வந்த தம்பிக்கும், முன்பின் தெரியாத எங்களுக்கு வேளை தவறாமல் சோறு அனுப்பிய மஸ்கட்டின் ரூவி பகுதித் தமிழ்க் குடும்பத்துக்கும் நன்றி. உங்களில் சிலர் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். ஸ்ட்ரெச்சர் கடந்துபோனபோது ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கைகூப்பியவர்களைத்தான் பார்த்தேன்.

ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் கைபேசியில் படித்துக்கொண்டே இருந்தேன். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, 604 விமானங்களுக்கு ஒன்றில் யாரோ ஒருவருக்கு இப்படி உடல்நலம் கெடுகிறது. அவற்றில் நூற்றுக்கு ஏழு முறைதான் விமானத்தை வழியில் இறக்குகிறார்கள். ஏறத்தாழப் பாதி நேரங்களில்தான் உதவ ஒரு மருத்துவர் பயணியாக வந்திருக்கிறார். உயரே பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய ஊட்டியில் நிற்பதுபோல இருக்குமாம். ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு அந்தக் குறைந்த ஆக்சிஜனும் ஒரு சுமை. இவ்வளவையும் படித்த பிறகு, அப்பா பிழைத்ததை எங்கள் உரிமையாக நினைக்க முடியவில்லை.

இனி, உங்களுக்கு, அக்கா.

உங்கள் பெயர் தெரியாது. ஷார்ஜாவில் ஒரு தையல் கடையில் வேலை, விடுப்பு முடிந்து திரும்புகிறீர்கள் என்று அப்பா சொன்னார். எனக்கும் அப்பாவுக்கும் வெவ்வேறு வரிசையில் இடம் கிடைத்ததால் அவர் பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள்.

மருத்துவமனையில் முதலில் கேட்ட கேள்வி, வலி எப்போது ஆரம்பித்தது என்பதுதான். பணிப்பெண் வந்து என்னை அழைத்த நேரத்தைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவே. அப்பாவின் சட்டையைக் கழற்றிய நர்ஸ், பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். விமானத்தில் வாந்திக்கென்று வைத்திருக்கும் உறை. அதன்மேல் நீல மையில், தமிழில் எழுதியிருந்தீர்கள்.

‘நேரம் எல்லாம் நம் ஊர்க் கணக்கு. விமானம் ஏறும் முன்பே நெஞ்சில் வலி, வாய்வு என்று நினைத்தாராம். 11.40 இடது தோள், தாடை வலி. வியர்வை. 11.50 ஆக்சிஜன். 11.55 டாக்டர் கொடுத்த ஆஸ்பிரின் மென்றார். சர்க்கரை மாத்திரை காலையில் போட்டாராம். மகளிடம் சொல்ல வேண்டாம் என்கிறார், நான் சொல்வேன்.’

வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல டாக்டர் குறித்துக்கொண்டார். ஓமன் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அந்த முதல் வரி இல்லாமல் போயிருந்தால், பதற்றத்தில் நான் இரண்டையும் குழப்பியிருப்பேன். ஏறும் முன்பே வலி இருந்ததை அப்பா என்னிடம் மூச்சுவிடவில்லை. உங்களிடம் சொல்லியிருக்கிறார். பேரனைப் பார்க்கும் பயணம் நின்றுவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. பெற்ற பிள்ளையிடம் மறைப்பதை, பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் அன்பாகக் கேட்டதும் சொல்லிவிடுகிறார்கள் நம் அப்பாக்கள். அதில் எனக்கு வருத்தமில்லை அக்கா. கேட்க நீங்கள் இருந்தீர்களே என்ற நிம்மதிதான் இருக்கிறது.

மருத்துவர் அவர் வேலையைச் செய்தார், பணிப்பெண் பயிற்சி பெற்றவர். உங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அந்தக் கூச்சலுக்கும் நெருக்கடிக்கும் நடுவே பேனாவைத் தேடி எடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதி, எப்போதென்றே தெரியாமல் பையில் செருகியிருக்கிறீர்கள். நான் உங்கள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பச்சைச் சேலை மட்டும்தான் நினைவிருக்கிறது.

ஊர் திரும்பியதும் முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கப்போகிறேன். நெஞ்சை அழுத்தி மூச்சை மீட்கும் முறையை முறையாகக் கற்றுக்கொள்வேன். அப்பாவின் மாத்திரைப் பெயர்கள், இரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் வைப்பேன். இனி எந்தப் பயணத்திலும் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தால், காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் அவரோடு பேசுவேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

ஷார்ஜாவில் இருக்கும் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால், தெரிந்த தையல் கடைகளில் சொல்லிவையுங்கள். அக்கா, துபாயில் தம்பி வீட்டுக்கு நீங்கள் ஒருநாள் சாப்பிட வர வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அதற்கு முன் அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டுமாம். பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகனுக்குக் கணக்கு வராது என்று கவலைப்பட்டீர்களாமே, பரீட்சையை எப்படி எழுதினான்?