அலையாத்திக்குப் பின்னே இடம் விடுங்கள்

தமிழ்நாடு வனத்துறை, நீர்வளத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எத்தனை அலையாத்திக் கன்று நட்டோம் என்று கணக்கு வைக்கிறோம். சேற்றுத்தரை எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்தது என்பதையும் அதோடு சேர்த்து எழுதுங்கள். காடு பிழைக்குமா என்பதை அதுதான் சொல்லும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் வேகமாக ஏறியபோது அலையாத்தி நின்ற இடத்தில் மூழ்கியது. மேட்டுப் பக்கம் ஒதுங்கிய விதைகள் வேர்பிடிக்க, காடு கரையோடு பின்வாங்கியது. ஏற்றம் தணிந்த பிறகே ஓரிடத்தில் நிலைத்து, வேராலும் வண்டலாலும் தன் தரையைத் தானே உயர்த்தியது. ஆற்று வண்டலே எட்டாத பெலீஸ் நாட்டுத் தீவுகளில்கூட, பெரும்பாலும் மக்கிய வேராகவே சுமார் 8,000 ஆண்டுகளில் 10 மீட்டர் சேர்ந்திருக்கிறது. ஆனால் இதற்கு எல்லை உண்டு. 78 இடங்களின் மண்படிவங்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வின்படி, கடல் ஆண்டுக்கு 6 மி.மீ.க்கு மேல் ஏறினால் தரை ஈடுகொடுப்பது மிக அரிது. 2006 முதல் 2018 வரை கடல்மட்ட ஏற்றத்தின் உலகச் சராசரி ஆண்டுக்கு 3.7 மி.மீ.

நம் காட்டுக்கு இரண்டு வழியும் குறுகிவிட்டது. உயர்வதற்கான வண்டல் மேட்டூரிலும் அணைக்கட்டுகளிலும் தங்குகிறது. பின்வாங்கும் வழியில் இறால் பண்ணைக் கரை நிற்கிறது.

தரை உயர்வதை அளப்பது கடினமல்ல. துருப்பிடிக்காத எஃகுத் தண்டை இனி இறங்காது என்னும்வரை அடித்து, அதன்மேல் கைச்சட்டம் பொருத்தி, நான்கு திசையிலும் ஒன்பது ஊசிகளால் தரைமட்டம் எடுக்க வேண்டும். அருகே ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெள்ளைக் கனிமத் தூளைப் பரப்பினால் அதன்மேல் படிந்த சேற்றின் கனம் தெரியும். சேறு 5 மி.மீ. படிந்தும் தரை 2 மி.மீ.தான் உயர்ந்தால், அடியில் 3 மி.மீ. அமுங்குகிறது என்று பொருள். பலகைமேல் நின்றே அளக்க வேண்டும். ஒரு காலடி பட்டாலும் அளவு கெடும்.

பிச்சாவரத்தில் முன்பு மொத்தமாக வெட்டிய பகுதிகள் வெயிலில் காய்ந்து தட்டாகக் குழிந்தன. உள்ளே வந்த ஓதநீர் (கடல் ஏற்றத்தில் வரும் நீர்) வடியாமல் உப்பேறியது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிய பிறகே வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம் பிடித்தது. வாய்க்கால் தூர்ந்தால் பழையபடி நீர் தேங்கும். ஆகவே நடவுக்கு ஒதுக்கும் பணத்தில் தூர்வாரவும் பங்கு வையுங்கள்.

கைவிடப்பட்ட இறால் பண்ணைகளின் கரையை, வெண்கண்டல் காய் உதிருமுன், ஓடைப் பக்கம் உடைத்துவிடுங்கள். ஓதம் தடையின்றி வந்து வடிந்தால் விதை தானே வந்து சேரும்.

இவண்,
கடலோரச் சூழல் ஆய்வாளர்கள்