கணக்கு எழுதித் தந்த அம்மாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

எண்ணூர் முகத்துவாரக் கரையிலிருந்து அனைவருக்கும் வணக்கம்.

நிதியத்திடம் கேட்டிருந்த பணம் வந்துவிட்டது. நேற்று மாலை வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தபோது, ஏலக்கூடத்தில் நண்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேரத்தை நிறுத்திவிட்டு என் கைப்பேசியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். ஆற்று மண்ணையும் தண்ணீரையும் அடுத்த மழைக்காலம் முடியும்வரை பரிசோதிக்கவும், விசாரணை நாட்களில் சேப்பாக்கத்தில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய் வரவும் இது போதும். ஆய்வகத்தின் முதல் அறிக்கை போன வாரமே வழக்கறிஞர் கைக்குப் போய்விட்டது. மனம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் இது ஆண்டறிக்கை போல ஆகிவிடும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்தபோது என்ன நடந்தது, அதற்கு முன்னும் பின்னும் எங்கள் ஆற்றில் எது எது கலந்தது என்பதையெல்லாம் இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அன்று முழங்கை வரை கறுப்பாகி எங்களோடு நின்றவர்கள். மீதிப் பேர் படங்களில் பார்த்தவர்கள். வழக்கு நடக்கும்போது எவர் பெயரையும் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞரும் சொல்லியிருக்கிறார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஏராளம். அதனால் பலரை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மாதிரி எடுக்கும் நாட்களில் தொழிலை விட்டுவிட்டுப் படகு தந்தவர்களுக்கு, மாதிரிப் புட்டிகள் சூடேறாமல் ஆய்வகம் போய்ச் சேர ஐஸ் தந்து, மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியையும் சும்மா கொடுத்த ஐஸ் கம்பெனிக்காரருக்கு, எங்கள் மனுக்களை ஆங்கிலத்தில் எழுதித் தந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு, கட்டணம் என்ற பேச்சையே எடுக்காத வழக்கறிஞருக்கு, 50 ரூபாயும் 100 ரூபாயுமாகக் கொடுத்துவிட்டு ரசீது வேண்டாம் என்று போன ஆட்டோக்காரர்களுக்கு, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்தச் சிறு நிதியத்தாருக்கு, எல்லோருக்கும் எங்கள் ஊரின் நன்றி.

கடலூர் சிப்காட் பகுதி ஊர்க்காரர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2004இல் ஒரு வாளிக்குள் பையைப் பொருத்தி ஊர்க் காற்றைப் பிடித்து, அமெரிக்காவில் உள்ள ஆய்வகம் வரை அனுப்பியவர்கள் அவர்கள். நாற்றம் அடித்தால் எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம், எதைப் போன்ற நாற்றம் என்று நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்ற பாடம் அந்தப் பக்கத்திலிருந்துதான் எங்களுக்கு வந்தது. அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் வாய்விட்டுத் திட்டியது மட்டும்தான். திட்டியதைச் சான்றாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இனி, இந்த மடலில் பெரும் பங்கு யாருக்குச் சேர வேண்டுமோ அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கிறார். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எங்கள் பெண் ஒருத்தியிடம் மார்க்கெட்டில் வாடிக்கையாக இறால் வாங்குவார். எங்களுக்கும் அவருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். ஒரு நாள் கூடை வைக்கும் இடம் காலியாகக் கிடந்திருக்கிறது. அடுத்த நாள் வந்து பிடித்துக்கொண்டார்.

“நேற்று எங்கே போனாய்? உன்னை நம்பி வந்து, கடைசியில் கெளுத்தி வாங்கிக்கொண்டு போனேன்.”

“கேசுக்குப் போயிருந்தேன்மா.”

“போன நாளுக்குக் காசு யார் கொடுப்பார்கள்?”

இவள் சிரித்துவிட்டாள். கேசுக்குப் போனால் காசு கொடுப்பார்களா? அந்தச் சிரிப்பை அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் பிடித்து, வழி கேட்டுக் கேட்டு, எங்கள் வலை பின்னும் கூடத்துக்கே வந்து நின்றார். “உங்கள் கணக்கைக் காட்டுங்கள்” என்றார். யார் இவர், எதற்குக் கேட்கிறார் என்று எங்களுக்குள் ஒரு பார்வை ஓடியது. ஆனாலும் காட்டினோம். ஒரு மஞ்சள் பை நிறைய பஸ் டிக்கெட், ஜெராக்ஸ் பில், மீன் கவிச்சை அடிக்கும் டீசல் பில். அவர் முகம் சுளிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை மேலே வைத்து, தேதிவாரியாக அடுக்க ஆரம்பித்தார்.

அதற்கு முன்னால் நாங்கள் பல கதவுகளைத் தட்டியிருந்தோம். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். உங்கள் போராட்டம் நியாயமானது என்றார்கள். பிறகு, தணிக்கை செய்த மூன்று ஆண்டுக் கணக்கு இருக்கிறதா, வருமான வரி விலக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தர விரும்பினாலும் நாங்கள் வாங்க முடியாது. அதற்கு மத்திய அரசிடம் பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கவே சங்கம் மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். 15 லட்சம் செலவழிக்க எங்களிடம் இருந்திருந்தால் நாங்கள் எதற்கு யார் வீட்டு வாசலிலும் நிற்கப் போகிறோம்? அனுமதி பெற்ற பெரிய அமைப்புகள் வாங்கி எங்களுக்குப் பிரித்துத் தருவதையும் 2020இல் வந்த திருத்தம் தடுத்துவிட்டது.

இன்னொரு பக்கம், ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தரத் தயார் என்று ஒருவர் வந்தார். லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ஆற்றோரம் புகைபோக்கி வைத்திருக்கும் ஒருவரிடம் பணம் வாங்கி அதே ஆற்றின் மண்ணைப் பரிசோதித்தால், அந்த அறிக்கையை எங்கள் ஊர்ப் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அன்று ஊருக்குள் சண்டை நடந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கடன் இருப்பவர்களுக்குக் கொள்கை பேசினால் கோபம் வரத்தான் செய்யும்.

இந்த நிலையில்தான் அந்த அம்மா வந்தார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். நீள நோட்டு, ஸ்டாம்ப் பேடு, கார்பன் தாள் எல்லாம் அவர் கைக்காசு. எங்கள் செலவில் பாதிக்கு மேல் பில்லே கிடையாது என்பதுதான் பெரிய சிக்கல். படகு வாடகைக்கு யார் பில் தருவார்கள்? இடுப்பளவு சேற்றில் இறங்கி மண் அள்ளியவருக்குக் கொடுத்த கூலிக்கு? அவர் வழி கண்டுபிடித்தார். யாருக்கு, எதற்கு, எவ்வளவு, யார் பார்த்தார்கள் என்று நான்கே வரியில் தமிழில் ஒரு வவுச்சர் தயாரித்தார். பணம் வாங்கியவர் கையெழுத்தோ கைநாட்டோ, கூட இருந்த ஒருவரின் கையெழுத்து, தேதி. அவ்வளவுதான். தணிக்கையாளர் இதை ஏற்றுக்கொள்வாரா என்று நாங்கள் பயந்தோம். “ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்வார்? பொய்யாக அடித்துத் தரும் பில்லைவிட இது சுத்தம்” என்றார். தணிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். எங்கள் பெண்கள் அவருக்குக் கணக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அவர் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை.

ஆனால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. நிதியத்துக்கான விண்ணப்பத்தில் செலவுத் திட்டம் எழுதும்போது ஆய்வகக் கட்டணம், படகு, பயணம், நகல் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், அதன் கீழே தானாகவே ஒரு வரி சேர்த்தார்: “விசாரணைக்குச் செல்லும் பெண்களின் அன்றைய வருமான இழப்பு.” நாங்கள் வேண்டாம் என்றோம். அதைப் பார்த்தால் மொத்தத்தையும் நிராகரித்துவிடுவார்கள், காசுக்காகத்தான் வழக்குப் போட்டார்கள் என்று பேசுவார்கள் என்றோம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த வரி இல்லாமல் கணக்கு எழுத மாட்டேன், அது பொய்க் கணக்கு என்றார். அத்தனை நாளில் அவர் குரலை உயர்த்தியது அப்போதுதான்.

நிதியத்தார் காணொளியில் பேசியபோது அந்த வரியில்தான் வந்து நின்றார்கள். ஆளுக்குக் காசு கொடுத்து நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவது போல ஆகாதா என்று ஒருவர் தயங்கிக் கேட்டார். நாங்கள் வாயடைத்துப்போனோம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா முன்னால் வந்து சொன்னார்: “வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்தால் அப்படிச் சொல்வதில்லையே. அவர் அங்கே நிற்பது அவருடைய தொழில். இவர்கள் அங்கே நிற்கும் நாளில் இவர்கள் தொழில் நின்றுபோகிறது.” அந்தப் பக்கம் சற்று நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் கேட்டதில் பாதியை ஒப்புக்கொண்டார்கள். பாதிதான். ஆனாலும், ஒரு மீன்காரப் பெண்ணின் ஒரு நாள் ஒரு தாளில் செலவாக ஏறியதை நான் என் வாழ்நாளில் முதல் முறையாகப் பார்த்தேன்.

அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1996இல் வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்க எவ்வளவு நிம்மதி. ஆனால் மாசுபடுத்தியவர் கட்டும் நாள் வரும்வரை கட்டிக்கொண்டிருப்பது யார்? பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இதை அறியாத பெண்கள் தயவுசெய்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். கதவுக்கான கட்டணம் குறைவுதான். கதவு வரை போவதற்குத்தான் செலவு. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை இல்லாமல் யாரும் காது கொடுப்பதில்லை. ஒரு முறை எடுத்தால் போதாது. மழைக்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். வழக்கு தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் அத்தனை பேரும் மறுபடி போக வேண்டும். எதிர்த் தரப்பில் வருபவர்களுக்கு அன்றைக்குச் சம்பளம் உண்டு, பயணப்படியும் உண்டு. எங்களுக்கு அன்றைய மார்க்கெட் போய்விடும்.

நிதி தருகிறவர்களிடம் ஒரு வார்த்தை, நன்றியோடுதான் சொல்கிறேன். பயிலரங்கு நடத்த, பதாகை அடிக்க, கையேடு அச்சிடப் பணம் சுலபமாகக் கிடைக்கிறது. கணக்கு எழுதுகிறவருக்கும் பஸ்ஸுக்கும் போன நாளுக்கும் கிடைப்பதில்லை. எங்களைப் போன்ற ஊர்கள் பாதியில் விட்டுவிடுவது துணிச்சல் இல்லாததால் அல்ல. இந்தச் சில்லறைச் செலவுகள்தான் முதலில் ஆளைச் சாய்க்கின்றன. உங்கள் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் போடுங்கள்.

அம்மாவுக்கு என்ன கொடுப்பது என்று பெண்கள் கூடிப் பேசினோம். ஒரு தொகை சொன்னோம், மறுத்துவிட்டார். இறாலையாவது சும்மா வாங்கிக்கொள்ளுங்கள் என்றோம். அதற்கும் சம்மதிக்கவில்லை. அதோடு, போன வாரமும் எப்போதும் போலக் கடுமையாகப் பேரம் பேசி 20 ரூபாய் குறைத்துத்தான் வாங்கிப் போனார். இந்த மடலில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு, கணக்கில் கூட்டல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். எனவே பெயர் இல்லை. அம்மா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். எங்களுக்குச் சோறு போடும் ஆற்றுக்காக, அந்த ஆற்றில் கால்கூட நனைக்காத நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். எங்கள் நாளுக்கு ஒரு விலை உண்டு என்று எங்களிடமே வாதாடி எழுதினீர்கள். இதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

செய்யப் போவதைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் இருவர் இப்போது பேரேடு எழுதக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். வேறு எந்த ஊர்க்காரர்களாவது ஆற்றுக்காகவோ காற்றுக்காகவோ நிலத்தடி நீருக்காகவோ நின்றுகொண்டு, கையில் ஒரு பை நிறைய துண்டுச் சீட்டுகளோடு தவித்தால், சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் வந்து உட்கார்வார்கள். அவர்களுக்குப் பஸ் செலவு மட்டும் கொடுத்து, அதற்கும் வவுச்சர் எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கு முடியும்வரை ஆற்றோர நிறுவனங்களிடம் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். சண்டை போட்டவர்களும் போட்டிருக்கிறார்கள்.

இதுவரை வந்த தொகை, செலவான தொகை, மீதி எல்லாம் வலை பின்னும் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பணம் கொடுத்து, பட்டியலில் தொகை விட்டுப்போயிருப்பவர்கள் வந்து சொல்லுங்கள். ரசீது வேண்டாம் என்று போன ஆட்டோக்காரர்களும் வர வேண்டும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் அந்தப் பக்கத்தை மூட முடியாது என்று கணக்கு டீச்சர் சொல்லியிருக்கிறார்.