அப்பாவின் கேள்வியும் உன் கேள்வியும்

மயிலாப்பூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள விஜி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. முழங்கால் வலி, திருச்சி வெயில், உன் வீட்டுக்காரரின் சர்க்கரை எல்லாம் படித்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். லஸ் பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் எங்கே போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. பெரியவன் வேலை மாறிவிட்டான். சின்னவள் பரீட்சைக்குப் படிக்கிறாள். போன வாரம் கபாலி கோயிலில் நம் ஹாஸ்டல் வார்டனைப் பார்த்தேன். அதே குரல், அதே மிரட்டல். முதலில் விசாரித்தது உன்னைத்தான். ஏன் என்று உனக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘மருமகளோடு பேச்சே நின்றுபோச்சு, உன் யோகாவில் இதுக்கு ஏதாவது ஆசனம் இருக்கா?’ என்று எழுதியிருக்கிறாய். கிண்டல்தான், புரிகிறது. குயின் மேரீஸ் காலேஜ் நாளிலிருந்து நீ இதில் ஒரு சந்தர்ப்பத்தையும் விட்டதில்லை. ஆனால் இந்த முறை நேராகவே பதில் சொல்லப் போகிறேன். இந்த வருஷம் முழுக்க ஏறக்குறைய இதே கேள்வியோடுதான் நானும் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றி. போனில் இதை விவரமாகச் சொல்ல முடியவில்லை. எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார், காதும் நன்றாகக் கேட்கிறது. மறதி அதிகமாகிவிட்டது விஜி. அல்சைமர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் பழைய அப்பா மாதிரியே இருப்பார். பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு தலைப்புகளை உரக்கப் படிப்பார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பார். வேட்டி நுனியை விரலில் சுற்றுவார், அவிழ்ப்பார், மறுபடி சுற்றுவார். பிறகு கேட்பார்: “அம்மா கடைக்குப் போனாளே, இன்னும் வரலையா?”

அம்மா போய் எத்தனை வருஷம் ஆகிறது என்று உனக்குத் தெரியும். பத்தாம் நாள் காரியத்துக்கு நீதானே கூட இருந்தாய்.

இதற்கு என்ன பதில் சொல்வாய்? சும்மா படித்துவிட்டுப் போகாதே, கொஞ்சம் யோசித்துப் பார். அண்ணன் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, “அப்பாகிட்ட பொய் சொல்லக் கூடாது” என்று உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாக உண்மையைச் சொன்னான். அப்பா அன்றைக்குத்தான் செய்தி வந்த மாதிரி அழுதார். அரை மணி நேரத்தில் அழுதது மறந்துவிட்டது, ஏன் அழுதோம் என்பதும் மறந்துவிட்டது. மனசில் ஏறிய பாரம் மட்டும் இறங்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் சாயங்காலம் மறுபடி அதே கேள்வி.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் அப்பாவை மதிக்கிறான், அதனால்தான் சொன்னான். ஆனால் நானும் அவனும் அன்றைக்கு மாடிப்படியில் நின்று நிறையவே வாதாடினோம். “நீ யோகசூத்திரம் எல்லாம் படிக்கிறாயே, அதில் சத்தியம் என்று ஒன்று இல்லையா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் பல வருஷமாகச் சனிக்கிழமை வகுப்புக்குப் போய்ச் சொல்லி வருகிற சூத்திரங்கள் அப்போதுதான் எனக்கு நிஜமாகவே தேவைப்பட்டன.

யோகசூத்திரம் எழுதிய பதஞ்சலி யோகத்துக்கு எட்டு அங்கங்கள் சொல்கிறார். ஆசனம் அதில் மூன்றாவது. மொத்தம் 195 சூத்திரங்கள், 196 என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அதில் ஆசனத்தைப் பற்றி இருப்பவை மூன்றே மூன்று. முதல் அங்கம் யமம், அதாவது பிறரோடு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது. யமங்கள் ஐந்து. அந்த ஐந்தில் முதலாவது அகிம்சை, சத்தியம் அதற்கு அடுத்ததுதான். இந்த வரிசை சும்மா வைத்ததில்லை. யோகசூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரையில் இது தெளிவாகவே இருக்கிறது: மற்ற யமங்களுக்கெல்லாம் அகிம்சைதான் வேர், உயிர்களுக்குக் கேடு செய்கிற பேச்சு, உள்ளதை உள்ளபடி சொன்னாலும் சத்தியமாகாது. வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு நம் தமிழ் டீச்சர்தான் ஞாபகத்துக்கு வந்தார். ‘வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அதற்கு அடுத்த குறளை உன்னைச் சொல்லச் சொன்னாரே. பொய்ம்மையும் வாய்மையிடத்த. நீ கடகடவென்று ஒப்பித்தாய். வள்ளுவர் குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைத்துவிடுகிறார்.

அப்படியானால் பொய்யே சொல்லிவிடலாமே, “இதோ வந்துடுவா அப்பா” என்று? சொல்லலாம்தான். சொல்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வாசலைப் பார்த்தபடி காத்திருக்கிறார் விஜி. அதுவும் ஒரு வதைதான். அதனால் இப்போதெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்கிற மனசுக்குப் பதில் சொல்கிறேன். “அம்மா ஞாபகம் வந்துடுச்சா அப்பா?” என்பேன். “ஆமாம்” என்பார். “அம்மா செய்ற அடை எப்படி இருக்கும், சொல்லுங்க” என்பேன். சொல்வார் பார், துவரம்பருப்பு எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, நடுவில் குழித்து எவ்வளவு எண்ணெய் விட வேண்டும் என்று! சொல்லச் சொல்ல விரல் வேட்டியை விட்டுவிடுகிறது. நான் பொய்யும் சொல்லவில்லை, அவரும் நோகவில்லை. எல்லா நாளும் இது பலிப்பதில்லை. பலிக்காத நாளில் பால்கனியில் நாற்காலி போட்டு மூச்சுப் பயிற்சிக்குப் போய்விடுவேன்.

அதையும் சொல்கிறேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது கையைத் தூக்கணும், விடும்போது இறக்கணும், அவ்வளவுதான். அவருக்கு எண்ணிக்கை ஓடாது. அதனால் விடும்போது “ம்…” என்று ஒரு சுருதி பிடிக்கச் சொல்கிறேன். பாட்டுக் கேட்டே வளர்ந்த மனுஷர், சுருதி தப்பாமல் பிடிக்கிறார். என் பெயர் தடுமாறுகிற நாளிலும் அது தடுமாறவில்லை. சத்தம் நீள நீள வெளிமூச்சு தானாக நீள்கிறது. தோள் இறங்குகிறது. நோய் இதனால் போகாது, டாக்டரும் சொல்லிவிட்டார், நானும் அப்படி நம்பிக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சாயங்காலம் கொஞ்சம் லேசாகக் கழிகிறது. எனக்கு அது போதும்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் வந்த விஷயம் இது: மூச்சோடு சேர்ந்துதான் அசைவு, ஆளுக்குத் தகுந்த மாதிரிதான் பயிற்சி. 1950-களில் சென்னைக்கு வந்து, 1989-இல் நூறு வயது தாண்டிக் காலமாகும்வரை இங்கேதான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி என்று உலகம் முழுக்க ஆசனத்தைக் கொண்டுபோனவர்கள் அவருடைய மாணவர்கள். ஆனால் தொண்ணூறு தாண்டி இடுப்பெலும்பு முறிந்தபோது, அறுவை சிகிச்சை வேண்டாமென்று சொல்லிவிட்டு, படுக்கையில் இருந்தபடியே செய்யத் தகுந்த பயிற்சியை அந்த மனிதர் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இப்போது இங்கே ஜூன் 21, யோகா தினம் வந்தால் பாய் வாங்குவதென்ன, டி-ஷர்ட் வாங்குவதென்ன, ஒரே கூட்டம். அதில் எனக்கு வருத்தம் இல்லை, நாலு பேர் குனிந்து நிமிர்ந்தால் நல்லதுதான். ஆனால் வீட்டில் எல்லாம் மறந்துபோகிற ஒரு கிழவரோடு சாயங்காலத்தை எப்படிக் கழிப்பது என்று கேட்டு யாரும் யோகாவுக்கு வருவதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இப்போது உன் மருமகள்.

கோபித்துக்கொள்ளாமல் படி. யோகசூத்திரத்தின் முதல் பாதத்தில், அதாவது முதல் பகுதியில், 33-ஆவது சூத்திரம். மனம் தெளியப் பதஞ்சலி நாலு வழி சொல்கிறார். சுகமாக இருப்பவர்களிடம் மைத்ரீ, நட்பு. துக்கத்தில் இருப்பவர்களிடம் கருணை. நல்லது செய்பவர்களிடம் மகிழ்ச்சி. தீயது செய்பவர்களிடம் உபேக்ஷை, அதாவது பொருட்படுத்தாமல் விடுவது. யாருக்கு எது என்பதுதான் இதில் முக்கியம். இடம் மாறினால் மருந்தே கெடுதலாகிவிடும்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அந்தப் பெண் உனக்கு என்ன செய்தாள் என்று தேடினேன். பதவி உயர்வு வந்திருக்கிறது. இரண்டு பேருமாகக் கடன் வாங்கி வீடு வாங்கியிருக்கிறார்கள். சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நீச்சலுக்குப் போகிறாள். விஜி, இதில் தப்பு எது? அவள் சந்தோஷமாக இருக்கிறாள், உனக்கு அதுதான் உறுத்துகிறது. நமக்கு அந்த வயதில் இதில் எதுவும் கிடைக்கவில்லை. உன் மாமியார் உன்னைப் படுத்தியதை நான் கண்ணால் பார்த்தவள், அதனால் உரிமையோடு சொல்கிறேன். நட்பு காட்ட வேண்டிய இடத்தில் நீ உபேக்ஷையைக் காட்டிக்கொண்டிருக்கிறாய். அவளுக்கு ஜுரம் வந்தபோது ரசம் வைத்துக்கொண்டு ஓடியவள் நீதான், நீயே எழுதியிருக்கிறாய். கஷ்டப்படுகிறவர்களிடம் உனக்குக் கருணை தானாக வரும், எப்போதும் வந்திருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறவர்களிடம் நட்பாக இருப்பதுதான் கஷ்டம். அதனால்தானோ என்னவோ பதஞ்சலி அதை முதலில் வைத்தார்.

அதற்கு அடுத்த சூத்திரமே மூச்சை வெளியே விடுவதைப் பற்றியதுதான், பார்த்தாயா. அதனால் இதையும் செய். அவளுக்குப் போன் செய்வதற்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே இழுக்க நாலு எண்ணினால் வெளியே விட ஆறு எண்ணு. கொஞ்ச நேரம் போதும். மூச்சை அடக்குவதெல்லாம் வேண்டாம், உனக்கு பிரஷர் இருக்கிறது, அதைப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் கதவைத் திறப்பதற்கு முன்னால் மாடிப்படியிலேயே நின்று இதைச் செய்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறேன். கவுன்ட்டரில் வாங்கிய திட்டை வாசலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும், அப்பாவிடம் அது போகக் கூடாது.

அப்புறம் போனில் அறிவுரை எதுவும் சொல்லாதே. வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல், எந்த ஜன்னலில் வெயில் வருகிறது என்று கேள்.

அண்ணன் தீபாவளிக்கு மறுபடி வருகிறான். அவன் இன்னும் அவன் கட்சியில்தான் இருக்கிறான். இந்த முறை சாயங்காலத்தை முழுக்க அவனிடமே விட்டுவிடலாமா, அவனே ஒரு வழி கண்டுபிடிப்பானா, இல்லை அப்பாதான் கஷ்டப்படுவாரா என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய், கட்டாயம் எழுது. மற்றவர்கள் எனக்கு ஆறுதல் சொல்வார்கள், நீ யோசித்துச் சொல்வாய்.

மார்கழிக்கு வருவதாகப் போன வருஷமும் எழுதினாய். இந்த வருஷம் பல்லவன் ரயிலில் இப்போதே டிக்கெட் போட்டுவிடு. வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வராதே. அப்பாவுக்கு மணப்பாறை முறுக்கு மட்டும் கொண்டு வா, பல்லெல்லாம் கெட்டியாகவே இருக்கிறது, கடித்துவிடுவார்.

அன்புடன்,
கமலா