குவாலிஸ் நிமிர்ந்த கதை

நாமக்கல்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் லேசாகிவிட்டது. இங்கே மகள் கோவையில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் சத்தமே இல்லை. சாயங்காலம் ஆனால் நானும் என் மனைவியும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம்.

நீ கடைசியில் எழுதிய விஷயம்தான் என்னை உடனே பேனா எடுக்க வைத்தது. உன் சஃபாரி வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்துவிட்டது, ஷாக் அப்சார்பரை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள் என்கிறாய். அவசரப்பட்டு மாற்றிவிடாதே. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் குவாலிஸுக்கு நான் அதைத்தான் செய்தேன். வண்டி ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. வண்டியின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது மட்டும்தான் ஷாக்கின் வேலை. ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் தாழ்ந்த வண்டியை அது தூக்கி நிறுத்தாது.

அப்பாவின் அந்த டொயோட்டா குவாலிஸை நீ மறந்திருக்க மாட்டாய். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நம் எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது பலாப்பழமும் அன்னாசியும் சேர்த்துச் சுமந்து வந்த வண்டி. இருபது வருடம் அப்படிச் சுமந்தால் எந்த இரும்பும் தளரும். குற்றம் வண்டியுடையது அல்ல. சிமென்ட் மூட்டை, நெல் மூட்டை என்று நாங்கள் ஏற்றாதது இல்லை.

தளர்ச்சி எவ்வளவு முற்றிவிட்டது என்பது எனக்கு எப்படி உறைத்தது தெரியுமா? ஓர் இரவு திருச்செங்கோடு சாலையில் எதிரே மொபெட்டில் வந்த ஒரு பெரியவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சாலையை விட்டே இறங்கிவிட்டார். நான் விளக்கைத் தாழ்த்தித்தான் வைத்திருந்தேன். பின்பக்கம் தாழ்ந்ததால் மூக்கு தூக்கி, வெளிச்சம் நேராக அவர் முகத்தில் அடித்திருக்கிறது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அளந்தேன். சமதளத்தில் வண்டியைக் காலியாக நிறுத்தி, டயர்களில் காற்றைச் சமமாக்கி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பைப் பிடித்தேன். இடதைவிட வலது ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்வு. கீழே குனிந்து பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய பின்பக்க ஸ்பிரிங்கின் எஃகுப் பட்டைகள் வில்லைப் போல வளைந்திராமல் ஸ்கேலைப் போல நேராகக் கிடந்தன.

இங்கே லாரிக்கும் லாரித் தொழிலுக்கும் பஞ்சமில்லை என்பது உனக்குத் தெரியும். சேலம் சாலையில் லாரிகளுக்கு ஸ்பிரிங் வேலை செய்யும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் அந்தப் பட்டைகளின் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினார். பட்டைகளுக்கு நடுவே துருப்பொடி கொட்டியது. மூன்றாவது பட்டையில், பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டி, மயிரிழை போல ஒரு விரிசல். பழைய பட்டையையே அடித்து வளைத்துக் கொடுங்கள் என்று நான் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். ஸ்பிரிங் எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தித்தான் அதற்கு அந்தத் துள்ளல் வருகிறது. தளர்ந்துபோனதைச் சுத்தியலால் அடித்தால் வளைவு வரும், பலம் வராது. சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும், அடிபட்ட தழும்பிலிருந்தே விரிசலும் விடும் என்றார். கூடுதலாக ஒரு பட்டை செருகுவதையும் அவர் விரும்பவில்லை. காலியாக ஓட்டும்போது கட்டைவண்டி போல இடிக்கும், விரிசல் விட்ட பட்டை உள்ளேயே இருக்கும் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

அதனால் இரண்டு பக்கமும் பட்டைக் கட்டு முழுவதையுமே புதிதாக மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்தே நிற்கும். கட்டை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளும், பட்டையின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் புஷ்களும் புதியவை. ஒன்றைக் கவனித்தேன், நீயும் மனத்தில் வை. புஷ் போல்ட்டுகளை அவர் வண்டியை இறக்கி, சக்கரங்கள் எடையைத் தாங்கிய பிறகுதான் கடைசியாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடுமாம். சில நாள் ஓட்டியபின் யூ போல்ட்டை மறுபடி இறுக்கிக்கொண்டேன். ஹெட்லைட்டையும் புதிய உயரத்துக்குச் சரிசெய்தாயிற்று.

ஐந்தரை சென்டிமீட்டர் எழும்பிவிட்டது, மாப்பிள்ளை! அப்பா இருந்திருந்தால் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பார்.

உன் வண்டியில் பின்னால் பட்டை இல்லை, சுருள் ஸ்பிரிங். வேலை வேறு, நியாயம் ஒன்றுதான். கடைசிச் சுற்று ஒடிந்து, தாங்கும் கிண்ணத்துக்குள் மறைந்திருக்கலாம். டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். சுருள்களுக்கு நடுவே ரப்பர் துண்டு செருகலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. அந்தச் சுற்றுகள் வேலை செய்யாமல் நின்றுவிடும், மற்றவை கூடுதலாகச் சுமந்து ஒடியும். ஜோடியாக மாற்று. சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழே படுக்க வேண்டாம். அச்சை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

ஸ்பிரிங்கைத் தமிழில் வில் என்கிறோம். இத்தனை நாள் அது பாடப்புத்தகச் சொல் என்றுதான் நினைத்திருந்தேன். புதிய கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தப் பட்டறைப் பெரியவர் வந்தபோது, கொல்லிமலைச் செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரியின் நினைவுதான் வந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு ஓரி விழாவுக்குப் போகலாம், அம்மாவையும் அழைத்து வா. வண்டி உயர்ந்துவிட்டதால் என் அம்மாவுக்கு ஏறச் சிரமமாக இருக்கிறது என்று தச்சரிடம் சொல்லி ஒரு முக்காலி செய்து வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கும் அது உதவும். அதற்குள் உன் வண்டியின் இரண்டு பக்க அளவையும் எடுத்து எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்