பச்சைக்காலியா, பவளக்காலியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பறவை பார்க்கத் தொடங்குபவர்களுக்குச் சிறிய ராணுவ பைனாகுலர் போதும், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, ஆயுசுக்கும் வரும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். போதும் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எட்டு வருடமாக அப்படி ஒரு 8x30 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 30 மில்லிமீட்டர் அகலம்) பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கும் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளுக்கும், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களுக்கும், போய்வருகிறேன்.

குளத்தங்கரையில் அது அருமையான கருவி. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக ஒருமுறை ஃபோகஸ் வைத்துவிட்டால், முப்பது நாற்பது மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. கூழைக்கடா தண்ணீரில் இறங்குவதையும் பூனைப்பருந்து நாணல் மேல் தாழப் பறப்பதையும் எதையும் திருகாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஐப்பசி மழையில் எத்தனையோ முறை நனைந்திருக்கிறது, உள்ளே ஒருநாளும் ஆவி படிந்ததில்லை.

வேலியோரம் வந்தால்தான் சிக்கல். போன தை மாதம் அக்கா மகளைக் கூட்டிப்போயிருந்தேன். கிளுவை வேலிக்குள் இருபதடி தூரத்தில் ஒரு தையல்சிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. “மாமா, கலங்கலாத் தெரியுதுங்க” என்றாள். வலது பக்கம் திருகி, இடது பக்கம் திருகுவதற்குள் சிட்டு நாலு தூர் தள்ளிப் போய்விட்டது. அங்கே தூரம் வேறு, மறுபடியும் இரண்டையும் திருக வேண்டும். மூன்றாவது தடவை கருவியை என்னிடமே கொடுத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். நடுவில் ஒரே சக்கரம் உள்ள சாதாரண பைனாகுலரில் இது ஒரு விரல் வேலை.

அப்புறம் நிறம். லேசரிலிருந்து வீரர்களின் கண்ணைக் காக்க ராணுவ பைனாகுலர்கள் சிலவற்றில் வடிகட்டி வைத்திருப்பார்கள். ஜெர்மன் ராணுவத்தின் ஹென்சோல்ட் 8x30 சிலவற்றில் அது உண்டு. அந்த வடிகட்டி சிவப்பைக் குறைத்துவிடுவதால் காட்சி முழுக்கப் பச்சை தட்டும். காலின் நிறத்தைப் பார்த்தே நீர்க்கரைப் பறவைகளுக்குப் பச்சைக்காலி, பவளக்காலி என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்த நிறத்தையே மாற்றிக் காட்டும் கண்ணாடியைப் புதிதாகப் பழகுகிறவர் கையில் கொடுக்கலாமா?

விடியற்காலை வெளிச்சமும் முக்கியம். 30-ஐ 8-ஆல் வகுத்தால் 3.75. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர்தான். 8x42-இல் அது 5.25. மங்கலில் கண்மணி விரிந்திருக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சந்தையில் ‘மிலிட்டரி’ என்று பச்சை வண்ணம் அடித்து, லென்ஸ் சிவப்பாக மின்ன விற்பவை ராணுவத்துக்காகச் செய்தவையே அல்ல. அவற்றை நம்பி யாரும் காசைத் தொலைக்க வேண்டாம்.

2024-இல் நஞ்சராயன் குளம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஈரோடு பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் அதற்கு இரண்டு வருடம் முன்பே சேர்ந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள். ஆளுக்கொன்று வாங்க வசதியில்லாத இடத்தில், ஐந்து பிள்ளைகளுக்குப் பொதுவாக ஒன்று வாங்கினாலும் நடுவில் சக்கரம் உள்ள 8x32 அல்லது 8x42 வாங்கச் சொல்லி எழுதுங்கள். கடைவாசலில் நின்று, எதிர்ச் சாரியின் பெயர்ப்பலகையையும் பக்கத்து மரக்கிளையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும்.

– ஒரு வாசகர், ஊத்துக்குளி