பறிமுதல் செய்வதற்குள் பாழாகும் சொத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

குற்றத்தால் ஈட்டிய சொத்தைப் பறிமுதல் செய்து, அந்தப் பணத்தில் பொலிஸாருக்குத் துணைநிற்கும் தொண்டர்களுக்கு உபகரணம் வாங்கலாம் என்ற யோசனையை முழுமனதோடு ஆதரிக்கிறேன். இலங்கையில் இவ்வகைச் சொத்துகள் பற்றிய 2025ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் தீர்ப்பு வரும்வரை சொத்து மிஞ்ச வேண்டுமே!

திருகோணமலை போன்ற கரையோர மாவட்டத்தில் படகும் அதன் பின்புறம் பொருத்தும் வெளியிணைப்பு இயந்திரமும் சான்றுப் பொருளாகி வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்தால் என்ன ஆகும்? கடலில் ஓடிய இயந்திரத்தை நன்னீரால் அலசாவிட்டால், உள்ளே நீர் ஓடும் வழிகளில் உப்பு இறுகி அலுமினியத்தை அரிக்கும். நீர்ப்பம்பியின் ரப்பர் இதழ்கள் மடங்கியபடியே விறைத்துவிடும். காபரேட்டரில் தேங்கிய பெற்றோல் சில மாதங்களில் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். பிறகு ஏலம் போட்டால் பழைய இரும்பு விலைதான். உரிமையாளர் நிரபராதி என்று விடுதலையானாலும் அவர் கைக்கு வருவது அந்த இரும்புதான்.

ஆகவே பிடித்த அன்றே இயந்திர இலக்கம், குதிரைவலு, நிழற்படம் மூன்றையும் பதிய வேண்டும். நன்னீரில் ஓட்டி, எரிபொருளை வடித்து, கூரைக்குக் கீழ் நிமிர்த்தி வைக்க வேண்டும். வழக்கு இழுபடும் என்று தெரிந்தால் நீதிமன்ற அனுமதியோடு முன்கூட்டியே விற்று, தொகையை வட்டி வரும் கணக்கில் இடுவதே நல்லது. விடுதலையானவருக்கு அது வட்டியோடு திரும்பட்டும்.

பிரித்தானியாவில் மீட்கப்படும் பணத்தில் ஒரு பகுதி விசாரித்த பொலிஸ் பிரிவுக்கே போகிறது. இதை நாம் அப்படியே எடுக்கக்கூடாது. பிடித்த நிலையத்துக்கே பணம் என்றால், பாரிய குற்றத்தை விட்டு எளிதில் பிடிபடும் பொருளைத் தேடும் ஆசை வரும். மாவட்ட மட்டத்தில், புல்மோட்டை முதல் வெருகல் வரை தேவை பார்த்துப் பகிர வேண்டும்.

பிரித்தானியாவின் விசேட கொன்ஸ்தாபிள்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள்தான். ஆனாலும் முழுப் பொலிஸ் அதிகாரம் உடையவர்கள். பொலிஸாருக்குத் துணைநிற்கும் எங்கள் தொண்டர்களான சிவில் பாதுகாப்புக் குழு உறுப்பினருக்கோ, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு எந்தப் பொதுமகனுக்கும் தரும் மட்டான கைது அதிகாரம் மட்டுமே. எனவே பொல்லும் கைவிலங்கும் வேண்டவே வேண்டாம். ஒளிதெறிக்கும் மேலங்கி, மழை அங்கி, மின்னேற்றும் ரோச் லைட், முதலுதவிப் பெட்டி போதும். கரையோரக் குழுக்களுக்கு உயிர்காப்பு அங்கி அவசியம். தானாகக் காற்று நிரம்பும் வகை வேண்டாம். ஈரப்பதத்தில் தவறுதலாக வெடித்து விரிந்தால் வாயுக் குப்பியை மாற்றாமல் மறுபடி பயன்படாது. நுரைத் தக்கை வைத்ததே எங்களுக்கு ஏற்றது. கையடக்க வானொலி வாங்குவதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை முதலில் பெற வேண்டும்.

பறிமுதல் பணம் ஆண்டுதோறும் ஒரே அளவில் வராது. மாதச் செலவை அதில் கட்டிவைத்தால் இரண்டாம் ஆண்டே திண்டாட்டம். வாங்கும்போதே மாற்று மின்கலத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்கி, பொருள்களைப் பொலிஸ் நிலையப் பதிவேட்டில் கையொப்பமிட்டே கொடுத்து வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.